உஷார்! சளியில் கிருமி இல்லை, டி.பி. மாத்திரை மட்டும் ஓடுகிறதா?

கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், அவலூர்ப்பேட்டை பக்கத்து ஜனங்கள் இதைத் தயவுசெய்து நின்று படியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது மாதக்கணக்கில் வறட்டு இருமல் இருமிக்கொண்டிருக்கிறார்களா? எக்ஸ்ரே பார்த்தவர், நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது என்றாரா? சளியைச் சோதித்தும் கிருமி அகப்படவில்லை, ஆனாலும் டி.பி.யாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதம் தாண்டியும் இருமல் அதே இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் சார்காய்டோசிஸ் என்ற பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், "டாக்டர், இதுவா இருக்குமா? அதையும் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் வாயில் வரவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே டி.பி. மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சளியில் கிருமி தெரியாத டி.பி. உண்டு. நெறிக்கட்டியில் மட்டும் ஒளிந்திருக்கும் டி.பி. உண்டு. பாதியில் விட்ட மாத்திரை, மருந்துக்கு அடங்காத டி.பி.யாகத் திரும்பி வரலாம். அது வீட்டில் உள்ள குழந்தைக்கும் தொற்றும். உலகத்தில் டி.பி. வருகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். டி.பி. சாவுகளைக் குறைக்கத்தான் 2022ல் தமிழக அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை ஆரம்பித்தது. ஆகவே சந்தேகம் வந்தால் கேளுங்கள், மேற்கொண்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சார்காய்டோசிஸ் தொற்றுநோய் அல்ல. புற்றுநோயும் அல்ல. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, எதையோ பகை என்று நினைத்து ஓரிடத்தில் எறும்பு மொய்ப்பதுபோல் மொய்த்துக்கொள்கிறது. அப்படி மொய்த்த உயிரணுக்கள் இறுகிச் சின்னச் சின்ன முடிச்சுகளாகின்றன. மருத்துவர்கள் அந்த முடிச்சைக் கிரானுலோமா என்கிறார்கள். நுரையீரலிலும் அதை ஒட்டிய நெறிகளிலும் இந்த முடிச்சு வருவதுதான் மிக அதிகம். 100 நோயாளிகளில் 90 பேருக்கு மேல் நெஞ்சுக்குள் பாதிப்பு இருக்கும். கண், தோல், கல்லீரல், நரம்பு, இதயம் என்று வேறெங்கும் வரலாம். எதைப் பகையாக நினைத்து உடம்பு இப்படிச் செய்கிறது என்பதை மருத்துவ உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பெரும்பாலும் 25 வயதிலிருந்து 50க்குள், குடும்பத்தைத் தாங்குகிற வயதில் வருகிறது. பெண்களுக்கு 50ஐத் தாண்டியும் வரும்.

டி.பி.யும் முடிச்சைத்தான் உண்டாக்கும். குழப்பத்தின் வேர் இதுதான். இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, பசியில்லாமை, எக்ஸ்ரேயில் வீங்கிய நெறி என்று இரண்டுக்கும் முகம் ஒன்றே. சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் ஓரளவு பிரிக்க முடியும். டி.பி. முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்துப்போய்க் கிடக்கும். சார்காய்டோசிஸ் முடிச்சு பெரும்பாலும் உயிரோடு, கெட்டியாக இருக்கும். "பெரும்பாலும்" என்று இரண்டு முறை சொல்வதற்குக் காரணம் உண்டு: விதிவிலக்குகள் இருக்கின்றன. அதனால்தான் சார்காய்டோசிஸ் என்று சொல்வதற்கு ஒரே ஒரு பரிசோதனை போதாது. நோயாளியின் கதை, எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், சதைத் துணுக்கின் முடிவு, டி.பி. கிருமியும் பூஞ்சையும் இல்லை என்ற உறுதி, இவை அத்தனையும் ஒத்துப்போக வேண்டும்.

இது வெள்ளைக்காரர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் வருகிற நோய், நமக்கெல்லாம் வராது என்ற எண்ணம் இந்திய மருத்துவர்களிடமே வெகுகாலம் இருந்தது. லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பார்த்து எழுதினார். நார்வேயின் சீசர் போக் 1899ல் விவரித்தார். இந்தியாவில் சதைப் பரிசோதனையோடு உறுதிசெய்யப்பட்ட நோயாளியைப் பற்றி முதன்முதலில் எழுதியது எந்த ஊர் தெரியுமா? நம்முடைய சென்னைதான். தோல், பால்வினை நோய் மருத்துவர் ஆர்.வி. ராஜமும் அவருடைய சகாக்களும் 1957ல் எழுதினார்கள். பிறகு கல்கத்தாவில் எஸ்.கே. குப்தா போன்றவர்கள் பல்லாண்டு காலம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, இது இங்கும் இருக்கிறது, தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிறது என்று காட்டினார்கள். டி.பி. மலிந்த நாட்டில் நெறி கட்டினாலே டி.பி. என்று கை போய்விடுவது இயல்பு. அதில் மருத்துவரை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. சின்ன ஊரில், கையில் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் மட்டும் இருக்கும்போது, கொல்லக்கூடிய நோயை முதலில் கவனிப்பது நியாயம்தான். என் கவலையெல்லாம் அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றியது. மருந்து வேலை செய்யவில்லை என்று உடம்பு சொல்லும்போது, திரும்பிப் போய்க் கேட்காமல் இருந்துவிடுகிறோமே, அதைப் பற்றியது.

டி.பி. என்றால் மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், எடை ஏறும். நெறிக்கட்டி கரைவது தாமதமாகலாம். ஆனால் ஆள் தேறவே இல்லை, மூச்சு முன்னைவிட வாங்குகிறது என்றால் மூன்று சாத்தியங்கள்: மருந்துக்கு அடங்காத டி.பி., வேறு ஏதாவது கட்டி, அல்லது சார்காய்டோசிஸ். மூன்றுமே உடனே பார்க்க வேண்டியவை. "ஆறு மாசம் கோர்ஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பது மூன்றில் எதற்கும் பொருந்தாது. கையில் போடும் மாண்டூ ஊசியும் ஒரு துப்பு தரும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்கள், டி.பி. காற்றை எப்போதோ சுவாசித்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு மாண்டூ போட்ட இடம் கொஞ்சம்கூடத் தடிக்கவில்லை என்றால் மருத்துவர் சார்காய்டோசிஸை நினைத்துப் பார்ப்பார். அது ஒரு துப்புதான். உடம்பு மிகவும் நலிந்திருந்தால் டி.பி. நோயாளிக்கும் மாண்டூ தடிக்காது. ரத்தத்தில் ஏ.சி.ஈ. அளவு பார்ப்பதும் அப்படித்தான். அது ஏறியிருப்பதால் சார்காய்டோசிஸ் என்று உறுதியாகாது, ஏறாததால் இல்லை என்றும் ஆகாது. அந்த ஒரு சீட்டை நம்பி ஸ்டீராய்டு ஆரம்பித்தால், உள்ளே இருப்பது டி.பி.யாக இருந்துவிட்டால், காட்டில் தீ வைத்த கதைதான்.

சரி, உடம்பில் என்னென்ன தெரியும்?

மூச்சில் ஆரம்பிப்போம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போய் 14 கிலோமீட்டரையும் அசராமல் நடந்து வந்தவர், இந்த வருஷம் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தால், அதை "வயசாச்சு" என்று தள்ளாதீர்கள். வறட்டு இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சில் ஒரு இறுக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். கூடவே ஓர் அசதி இருக்கும். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வரும், ஆள் மட்டும் எழுந்திருக்க மாட்டார். வீட்டில் "சோம்பேறித்தனம்" என்பார்கள், மருமகளாக இருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். இந்த நோயில் அசதி என்பது உண்மையான, தனியான அறிகுறி. நோய் அடங்கிய பிறகும் சிலருக்கு அது நீடிக்கும். இன்னும் சிலருக்கு அறிகுறியே இருக்காது. வேலைக்காகவோ வெளிநாடு போவதற்காகவோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் முதன்முதலில் தெரியவரும்.

நெஞ்சுக்கு வெளியே வரும்போதுதான் இந்த நோய் மிக மோசமாக ஏமாற்றுகிறது. கண் சிவந்தால் நமக்குத் தெரிந்தது மெட்ராஸ் ஐ. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு நாள் வீட்டில் இருப்போம். மெட்ராஸ் ஐயில் கண் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். சார்காய்டோசிஸில் கண்ணுக்குள்ளே அழற்சி வரும்போது பீளை இருக்காது. வெளிச்சம் பட்டால் குத்தும், பார்வை மங்கும், கண் முன்னால் கறுப்புப் புள்ளி மிதக்கும். சிலருக்கு வலியே இல்லாமல் உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். விட்டால் கண்ணழுத்தமும் புரையும் வந்து பார்வை போகும். சென்னை சங்கர நேத்ராலயாவில் ஜோதிர்மய் பிஸ்வாஸ், மதுரை அரவிந்தில் எஸ்.ஆர். ரத்தினம் போன்ற மருத்துவர்கள் இந்த உள்கண் அழற்சிக்காகவே பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அவ்வளவு கவனம் தேவைப்படும் விஷயம் இது. டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவருக்குப் பார்வை மங்கினால் இன்னொரு பயமும் சேர்கிறது. அந்த மாத்திரைகளில் ஒன்றான எதாம்பியூட்டாலே கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது. காரணம் மாத்திரையோ நோயோ, இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கே கண் மருத்துவர். சார்காய்டோசிஸ் என்று உறுதியானவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை கண் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

காதுக்குக் கீழே, தாடையின் இரண்டு பக்கமும் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டு, வேப்பிலை வைத்து வீட்டோடு இருத்திவிடுவோம். பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் உண்மையும்கூட. முப்பது நாற்பது வயதானவருக்கு வலி அதிகமில்லாமல் வீங்கி, வாரக்கணக்கில் வடியாமல், கூடவே கண் சிவந்து, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அது வேறு. 1909லேயே டென்மார்க் கண் மருத்துவர் ஹீர்ஃபோர்ட் இந்தக் கூட்டு அறிகுறிகளை விவரித்துவிட்டார். வாய் கோணியதும் "பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான், காத்து அடிச்சிடுச்சு" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பது நம் வழக்கம். முகவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சார்காய்டோசிஸ் அல்லதான். ஆனால் ஒரு பக்கம் வந்து, பிறகு மறுபக்கமும் வந்தால், அல்லது இருமலும் கண் சிவப்பும் சேர்ந்திருந்தால், கட்டாயம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தொட்டால் வலிக்கும் சிவந்த தடிப்புகள், கணுக்கால் இரண்டும் வீக்கம், காய்ச்சல். இதைச் சிக்குன்குனியா என்றோ யானைக்கால் ஆரம்பம் என்றோ நினைப்போம். ஸ்வீடன் மருத்துவர் லோஃப்கிரன் பெயரால் வழங்கும் இந்த வடிவம் திடீரென்று மிரட்டலாக வந்தாலும், இருப்பதிலேயே நல்ல வடிவம் இதுதான்; பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும். இந்தியாவில் இது குறைவாகத்தான் தெரிகிறது. மூக்கு, கன்னம், காதில் ஊதா நிறத்தில் தடித்து நிற்கும் புண்கள் அதற்கு நேர் எதிர். வலிக்காது, ஆனால் நோய் நீண்டகாலம் தங்கப்போகிறது என்பதன் அடையாளம் அது.

தோலில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். எப்போதோ பட்ட காயத்தின் தழும்பு, பல வருஷம் கழித்துத் திடீரென்று சிவந்து மேடிட்டால் அசட்டை செய்யாதீர்கள். பச்சை குத்திய இடமும் அப்படியே. நம் பாட்டிமார் கையில் குத்திய பச்சையானாலும் சரி, பையன்கள் இப்போது குத்திக்கொள்ளும் டாட்டூவானாலும் சரி, அந்தக் கோடுகளின் வழியே முடிச்சு கிளம்பி நிற்பது இந்த நோயின் வழக்கங்களில் ஒன்று. மற்றது தொழுநோய்க் குழப்பம். தேமலும் தடிப்பும் இரண்டிலும் வரும். சதைத் துணுக்கில் முடிச்சும் இரண்டிலும் தெரியும். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும், நரம்பு தடித்திருக்கும். சார்காய்டோசிஸில் பொதுவாக உணர்ச்சி இருக்கும். வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மையம் 1950களிலிருந்து இயங்கிவரும் இந்த வட்டாரத்தில், அனுபவமுள்ள தோல் மருத்துவருக்குப் பஞ்சமில்லை. தேமலை மறைக்காமல் காட்டுங்கள்.

இதயத்தைப் பற்றி எழுதும்போது எனக்கே பதறுகிறது. சார்காய்டோசிஸ் இதயத் தசைக்குள் முடிச்சுப் போட்டால், துடிப்பை நடத்தும் மின்பாதை அறுந்துபோகும். துடிப்பு மிகவும் குறையும், அல்லது தாறுமாறாக ஓடும். நோயாளிகளில் 100க்கு 5 பேருக்குத்தான் இது வெளியே தெரியும்படி வருகிறது. ஆனால் அமெரிக்காவில் இறந்த நோயாளிகளின் உடலைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இதயத்தில் முடிச்சு இருந்தது. அவர்களில் பலருக்கு உயிரோடு இருந்தபோது அது தெரியவே இல்லை. ரெஜி ஒயிட் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், மலை மாதிரி ஆள், 2004 டிசம்பரில் 43 வயதில் இதயத் துடிப்பு தடுமாறி இறந்துபோனார். அவருக்கு சார்காய்டோசிஸ் இருந்தது.

அமெரிக்கா தூரம் என்றால் ஹைதராபாத்துக்கு வருவோம். அங்கே இதயத் துடிப்பு நிபுணர் சி. நரசிம்மனும் அவருடைய குழுவினரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிலருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு வருகிறது. ரத்தக்குழாயில் அடைப்பில்லை, இதயத்தின் இறைக்கும் வலுவும் குறையவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதிவிடக்கூடிய நோயாளிகள் இவர்கள். ஆனால் நெஞ்சுக்குள் நெறி இருக்கிறதா என்று தேடி, துணுக்கு எடுத்துப் பார்த்தபோது பலருக்குக் கிரானுலோமா கிடைத்தது. சிலருக்கு சார்காய்டோசிஸ், சிலருக்கு டி.பி. 2011ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். இந்திய மண்ணில் இவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே மூச்சுக்கான வைத்தியத்தில் இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று மயக்கம் வந்தால், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால், "வெயில்ல நின்னான், பசி மயக்கம்" என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். இ.சி.ஜி. எடுப்பது சில நிமிட வேலை. சார்காய்டோசிஸ் என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும், நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஆரம்பத்திலேயே ஓர் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஐம்பது வயதுக்குள் ஒருவருக்குக் காரணமே தெரியாமல் இதயத் துடிப்பு தடைபட்டுப் பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னால், "நெஞ்சில் நெறி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது வைட்டமின் டி. இதை நம் ஊர் மெடிக்கல் ஷாப்களின் முன்னால் நின்று சத்தம் போட்டுச் சொல்ல ஆசை. உடம்பு வலி, அசதி என்று போனால் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியும் கால்சியம் மாத்திரையும் வாரக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது இப்போது பரவலாகிவிட்டது. மற்றவர்களுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு அது விஷமாகலாம். நாம் சாப்பிடும் வைட்டமின் டியை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. அது அளவறிந்து செய்யும். இந்த நோயிலோ, கிரானுலோமாவில் இருக்கும் அணுக்களே அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்கில்லாமல் மாற்றித் தள்ளுகின்றன. ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மந்தம், கடைசியில் சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு. கொடுமை என்னவென்றால் மாத்திரை சாப்பிடத் தூண்டிய அசதியே இந்த நோயின் அசதியாக இருந்திருக்கும். கல்லடைப்பு என்று வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டே, மறுபக்கம் கால்சியம் மாத்திரையும் விழுங்குகிறவர் யாராவது இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லி ரத்தத்தில் கால்சியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். திருவண்ணாமலை வெயில் நமக்குத் தெரியும். வெயில் காய்ந்தாலும் தோலில் வைட்டமின் டி ஊறும். சார்காய்டோசிஸில் கால்சியம் ஏறிய நோயாளிகளுக்கு வெயில் காய்வதைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்வது இதனால்தான். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாகக் காட்டினாலும், வேலை செய்யும் வடிவம் அதிகமாக இருக்கலாம். ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினால் ஏமாந்துபோவோம்.

இந்த நோய் எப்படிப் போகும்? பயமுறுத்திக்கொண்டே வந்தேன், இங்கே ஆறுதலும் இருக்கிறது. மூன்றில் இரண்டு பேருக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்துக்குள், நோய் தானாகவோ கொஞ்சகால மருந்திலோ அடங்கிவிடுகிறது. 100க்கு 10 முதல் 30 பேருக்கு நாள்பட்டதாகிறது. இந்த நோயாலேயே இறப்பவர்கள் 100க்கு 1 முதல் 5 பேர். நுரையீரல் சுருங்கி, அல்லது இதயம், நரம்பு பாதித்து. எக்ஸ்ரேயை வைத்து லண்டன் மருத்துவர் ஸ்கேடிங் 1961ல் செய்த பிரிவை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நெறி மட்டும் வீங்கியிருந்தால் முதல் நிலை. நெறியோடு நுரையீரலிலும் படிவு என்றால் இரண்டாம் நிலை. நெறி போய் நுரையீரல் படிவு மட்டும் இருந்தால் மூன்றாம் நிலை. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டால் நான்காம் நிலை. முதல் நிலையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்தே இல்லாமல் போய்விடும். நான்காம் நிலையில் தழும்பு திரும்பி ஆறுவது அபூர்வம். இதைப் புற்றுநோயின் நிலைகளோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று எல்லோருக்கும் ஏறுவதில்லை. முதல் நிலையிலேயே நின்று மறைகிறவர்கள்தான் அதிகம்.

அப்படியானால் எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. நெறி மட்டும் வீங்கி, தொந்தரவு ஒன்றும் இல்லாதவர்களை மருத்துவர் சும்மா கவனித்துக்கொண்டிருப்பதே சரியான வைத்தியம். "டாக்டர் மாத்திரையே தரல, கண்டுக்கவே மாட்டேங்கிறார்" என்று வேறு இடம் தேடி ஓடாதீர்கள். ஆனால் கண், இதயம், நரம்பு, ஏறிய கால்சியம் ஆகிய நான்குக்கும் காத்திருக்க நேரமில்லை. மூச்சு குறைந்துகொண்டே போனாலும் அப்படித்தான். ஆறு நிமிஷ நடைப் பரிசோதனையையும் நுரையீரல் ஊதும் பரிசோதனையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்து ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாற்றும்போது பழைய எக்ஸ்ரேயை எறிந்துவிடுகிறோம். ஐந்து வருஷம் முன்னால் நெறி இருந்ததா இல்லையா என்பது, பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்படும் கேள்வி.

துணுக்கு எடுக்க எங்கே போவது? மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் உள்ள ஸ்கேன் காட்டும் நெறியிலிருந்து ஊசியால் எடுக்கும் முறை இப்போது வந்துவிட்டது. நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. முதலில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். மேற்கொண்டு போகச் சொன்னால் போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் சி.எம்.சி.; செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மர். தோலில் தடிப்பு இருந்தால் இன்னும் சுலபம், அங்கிருந்தே துணுக்கு எடுத்துவிடலாம். எடுத்த துணுக்கை டி.பி. கிருமிக்கும் சோதிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

தூசு பற்றி ஒரு வார்த்தை. 2001 செப்டம்பர் 11ல் நியூயார்க் கோபுரங்கள் இடிந்தபோது அந்தத் தூசியில் வேலை செய்த தீயணைப்பு வீரர்களுக்கு, அடுத்த ஒரே வருஷத்தில் சார்காய்டோசிஸ் போன்ற நோய் லட்சத்துக்கு 86 பேர் என்ற விகிதத்தில் வந்தது. முந்தைய 15 வருஷங்களில் அது லட்சத்துக்கு 15தான். கல் தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஸ்வீடன் ஆய்வுகளும் சொல்கின்றன. நம் மாவட்டத்தில் கல் உடைக்கிறவர்கள், கிரஷரில் நிற்கிறவர்கள், கிரானைட் அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற கல்தூசி நோயும் வரும், அதிலும் நெஞ்சு நெறி வீங்கும். மருத்துவரிடம் போனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மருந்து என்றால் முதலில் வருவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பொதுவாக நாளொன்றுக்கு 20 முதல் 40 மில்லிகிராமில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் குறைத்து, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம், அதற்கு மேலும் தருவார்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையும் உண்டு. அதை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு என்பதால் எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் நடந்து 2025ல் வெளியான ஓர் ஆய்வு, நுரையீரல் சார்காய்டோசிஸுக்கு ஸ்டீராய்டுக்குப் பதில் ஆரம்பத்திலேயே மெத்தோட்ரெக்சேட் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியிருக்கிறது. பிள்ளை பெற நினைக்கிற பெண்கள் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது; மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீராய்டு சாப்பிட்டதும் பசி எடுக்கும், ஆள் தெம்பாகிவிடுவார். "குணமாயிடுச்சு" என்று நிறுத்திவிடுவார். அங்கேதான் ஆபத்து. நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாகச் சுரக்க மறந்த நிலையில் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம், நோயும் திரும்பும். படிப்படியாகக் குறைப்பதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். இந்த மாத்திரை சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவரிடம், ஸ்டீராய்டில் இருக்கிறேன் என்று சொல்லி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உறங்கிக் கிடக்கும் டி.பி.யையும் இது எழுப்பிவிடும் என்பதால், நடுவில் காய்ச்சலோ புதிய இருமலோ ரத்தம் கலந்த சளியோ வந்தால் மறுபடி டி.பி. பரிசோதனை வேண்டும். பெயர் தெரியாத ஊசியும் பொட்டலத்தில் மடித்த பொடி மாத்திரையும் தரும் போலி மருத்துவர்களிடம் போகாதீர்கள். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காய்ச்சல் அன்றே தணியும், உள்ளே டி.பி. தடையில்லாமல் பரவும்.

இன்னொன்றும் உண்டு. டி.பி. என்ற பேச்சு வந்ததும் கல்யாணப் பெண் இருக்கிற வீட்டில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிடுகிறார்கள். சார்காய்டோசிஸ் என்று தெரிந்தபின்பும் அந்தத் தட்டு தனியாகவே இருப்பதுண்டு. இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். டி.பி.யேகூட சரியான மருந்து ஆரம்பித்த பிறகு தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும்.

ஸ்டீராய்டில் இருக்கிறவர்கள், மருந்தின் பெயர், அளவு, ஆரம்பித்த தேதி, மருத்துவர் பெயர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலோ பர்ஸிலோ எப்போதும் வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும், விபத்தில் அடிபட்டு எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், ஊசி போடுவதற்கு முன்னால் முதல் வார்த்தையாக அதை நீட்டுங்கள்.